தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸ்: கட்லெட்டுக்குப் போங்கள், கட்சிக் கதைக்கு உட்காருங்கள்

திருவனந்தபுரத்தில் நல்ல காபி எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸைச் சொல்வதில்லை. பெயரில் காபி இருந்தாலும் அங்கே போக வேண்டிய காரணம் அது இல்லை. வெள்ளைப் பீங்கான் கோப்பையில், பால் தூக்கலாக, டிகாக்‌ஷன் அடக்கமாக ஒரு காபி வரும். மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நுரை பொங்கும் டம்ளர் காபியில் வளர்ந்த நாகர்கோவில் நாக்குக்கு அது கொஞ்சம் சாதுவாகத் தெரியும். கும்பகோணத்துக்காரர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

போக வேண்டிய காரணங்கள் மூன்று: கட்டடம், கட்லெட், பக்கத்து மேஜைப் பேச்சு.

நான் மருந்து கம்பெனி ரெப். நாகர்கோவிலில் வீடு, திருவனந்தபுரமும் கொல்லமும் என் ஏரியா. டாக்டர்களைப் பார்க்கக் காத்திருப்பதுதான் இந்த வேலையில் பாதி. மீதிப் பாதிக்குச் சாப்பாடும் உட்கார இடமும் வேண்டும், கழிப்பறை இருந்தால் விசேஷம். அதனால் கேரளத்து ஹோட்டல்களைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. கிளை கிளையாகச் சாப்பிட்டுச் சேர்த்த கருத்து.

முதலில் கட்டடம். ரயிலை விட்டு வெளியே வந்தால் எதிரே கே.எஸ்.ஆர்.டி.சி. பேருந்து நிலையம், அதை ஒட்டிச் செங்கல் சிவப்பில் ஒரு உருளை நிற்கும். லாரி பேக்கர் கட்டியது. பர்மிங்காமில் பிறந்து, காந்தியைச் சந்தித்து, இந்தியாவிலேயே தங்கி, 2007-ல் இதே ஊரில் இறந்துபோன கட்டடக் கலைஞர் அவர். உள்ளே மாடி கிடையாது, படிக்கட்டும் கிடையாது. தரையே சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது. வெளிச்சுவரை ஒட்டி, சுவரோடு சேர்த்தே மேஜையும் இருக்கையும் கட்டிவிட்டார்கள். மேஜை மட்டமாக இருக்கும், தரை சரிவாக இருக்கும். முதல்முறை உட்காருகிறவர்கள் காலை எங்கே வைப்பது என்று ஒரு நிமிஷம் தடுமாறுவார்கள். சுவரில் துளை துளையாக விட்ட செங்கல் ஜாலி வழியாக வெளிச்சமும் காற்றும் வரும், பேருந்து ஹார்னும் வரும்.

இந்தச் சரிவில் தட்டை ஏந்திக்கொண்டு நாள் முழுக்க ஏறி இறங்குகிறார்கள் பரிமாறுகிறவர்கள். வெள்ளைச் சீருடை, தலையில் விசிறி மடிப்பு வைத்த தலைப்பாகை. சின்ன வயதில் இதைப் பார்த்து ராஜா அரண்மனைச் சேவகர்கள் என்று நினைத்திருப்பேன். உண்மையில் இவர்கள்தான் கடையின் சொந்தக்காரர்கள். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

முழங்கால் வலி உள்ளவர்களும், பெரிய பெட்டியோடு வருகிறவர்களும் கீழ்ச்சுற்றிலேயே இடம் பார்ப்பது நல்லது. பேக்கர் சிக்கனத்துக்குப் பேர் போனவர், ஆனால் அந்தச் சிக்கனத்தில் இருக்கையின் அகலமும் சேர்ந்துவிட்டது. நான்கு பேர் உட்காரலாம், நான்கும் பருமனாக இல்லாவிட்டால்.

சாப்பாட்டுக்கு வருவோம். வெஜிடபிள் கட்லெட்டை வெட்டினால் உள்ளே பீட்ரூட் சிவப்பு. ரொட்டித்தூள் பூசி மொறுமொறுப்பாகப் பொரித்து, பக்கத்தில் வெங்காயமும் சாஸும் வைத்துத் தருவார்கள். மசாலா தோசைக்குள்ளும் அதே பீட்ரூட்தான். உருளைக்கிழங்கு மஞ்சளாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற தமிழ் வயிறு இதைப் பார்த்ததும் துணுக்குறும். எங்கள் வீட்டில் அத்தை ஒருத்தி முதல்முறை பிரித்துப் பார்த்துவிட்டு, “ஏன் மக்கா, இது கட்சிக்காரன் கடைன்னு தோசைக்குள்ளயும் சிவப்பு வைக்கணுமா?” என்று கேட்டாள். கேரளத்தில் எல்லோரும் சொல்லும் ஜோக்தான் அது, அத்தை தானாகவே கண்டுபிடித்தாள் என்பதற்காகப் பதிவு செய்கிறேன். பீட்ரூட் லேசான தித்திப்பு. பழகினால் பிடிக்கும், பழகாவிட்டால் கட்லெட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். மட்டன் ஆம்லெட் கிடைக்கிற கிளையில் அதைத் தவற விடாதீர்கள். முட்டை ரோஸ்ட் எப்போதும் நம்பகம். சட்னி, சாம்பாரில் பெரிய எதிர்பார்ப்பு வைக்க வேண்டாம்.

விலை, சுற்றுவட்டாரக் கடைகளோடு ஒப்பிட்டால் குறைவு. உட்கார்ந்திருக்கும் நேரத்துக்குக் கணக்கு பார்த்தால் இன்னும் குறைவு. சமீபத்தில் எங்கள் பக்கம் புதிதாகத் திறந்த ஒரு கபேயில் (பெயர் வேண்டாம்) காபி முடிந்ததும் மேஜையைத் துடைக்க ஆள் வந்து நின்றுகொண்டான், நான் எழுந்திருக்கும்வரை துடைத்துக்கொண்டே இருந்தான். காபி ஹவுஸ்காரர்களுக்கு அந்த அவசரம் இல்லை. ஒரு காபியை வைத்துக்கொண்டு ஒரு ஆட்சியைக் கவிழ்த்து இன்னொன்றை அமைக்கும்வரை பேசலாம்.

இப்போது சொந்தக்காரர் கதை. காபியை உள்நாட்டில் குடிக்கப் பழக்குவதற்காக, வெள்ளைக்காரன் காலத்திலேயே காபி வாரியத்தின் பேரில் நாடெங்கும் காபி ஹவுஸ்கள் திறக்கப்பட்டன. ஐம்பதுகளின் நடுவில் அந்தக் கடைகளை மூடுவது என்று வாரியம் முடிவெடுத்தது. ஏராளமான தொழிலாளிகள் தெருவுக்கு வரும் நிலை. அந்தச் சமயத்தில் அவர்களோடு நின்றவர் ஏ.கே.கோபாலன். நாடாளுமன்றத்தில் கம்யூனிஸ்ட் குழுவின் தலைவர், ஊருக்கெல்லாம் ஏ.கே.ஜி. வேலை கொடு என்று கேட்டு நிற்பதோடு முடிக்காமல், கடையை நீங்களே கூட்டுறவுச் சங்கமாக எடுத்து நடத்துங்கள் என்ற பக்கம் அவர்களைத் திருப்பினார். 1957-ல் பெங்களூரில் முதல் சங்கம், அதே வருஷம் டில்லியில் முதல் கடை. 1958 மார்ச்சில் கேரளத்தின் முதல் கடை திருச்சூரில். சில மாதங்களில் தலசேரியில் இன்னொன்று. இன்றும் கேரளத்தில் இரண்டு சங்கங்கள்: தெற்கே திருச்சூர் சங்கம், வடக்கே கண்ணூர் சங்கம். தம்பானூர் உருளை திருச்சூர்க்காரர்களுடையது.

ஏ.கே.ஜி.யின் படம் பல கிளைகளில் சுவரில் இருக்கும். தமிழர்களுக்கு அந்த முகம் அந்நியமாக இருக்கக் கூடாது. 1936-ல் மலபாரிலிருந்து சென்னைக்குப் பட்டினி ஜாதா நடத்தி நடந்தே வந்தவர். வேலூர் ஜெயிலில் அடைத்தபோது 1941-ல் சுவரில் துளை போட்டுத் தப்பித்தவர். சட்டம் படிக்கிற பிள்ளைகள் இன்றைக்கும் மனப்பாடம் செய்கிற ‘ஏ.கே.கோபாலன் எதிர் சென்னை மாகாணம்’ என்ற 1950 வழக்கு, இந்த மனிதர் விசாரணை இல்லாமல் அடைக்கப்பட்டதை எதிர்த்துப் போட்டதுதான். வழக்கில் தோற்றார்.

இந்த வருஷங்களைக் கொஞ்சம் கவனியுங்கள். 1957 ஏப்ரலில் கேரளத்தில் இ.எம்.எஸ். நம்பூதிரிப்பாடு முதலமைச்சர் ஆகிவிட்டார். 126 இடங்களில் கட்சிக்கு 60, ஐந்து சுயேச்சைகளைச் சேர்த்துக்கொண்டுதான் பெரும்பான்மை. கம்யூனிஸ்ட் அரசு என்று உலகமே பேசிய அந்த அரசில்கூட, சட்ட அமைச்சர் வி.ஆர்.கிருஷ்ண ஐயர் தலசேரியில் ஜெயித்த சுயேச்சை. ஆக முதல் நாளிலிருந்தே அங்கே இடதுசாரி ஆட்சி என்றால் இன்னொருவரைச் சேர்த்துக்கொண்ட ஆட்சிதான். அந்த அரசு பதவி ஏற்ற சில நாட்களிலேயே குத்தகைக்காரர்களை வெளியேற்றக் கூடாது என்று அவசரச் சட்டம் போட்டது. கல்வி மசோதா கொண்டுவந்தது. விமோசன சமரம் (விடுதலைப் போராட்டம்) என்ற பெயரில் எல்லோரும் எதிர்த்து எழுந்து, 1959 ஜூலை 31-ல் டில்லி அதைக் கலைத்தது. இருபத்தெட்டு மாதம்கூட நிறையவில்லை.

அதே காலத்தில், அந்த அரசின் தயவில் இல்லாமல், வேலை போன பேரர்கள், அதாவது பரிமாறுகிறவர்கள், கூடி ஆரம்பித்த கடை இருக்கிறது, நான் அதில் கட்லெட் தின்கிறேன். என்னைக் கேட்டால் கேரளத்து இடதுசாரிகளின் சாதனைப் பட்டியலில் செக்ரட்டேரியட்டில் கையெழுத்தானவற்றுக்குச் சமமாக இந்தத் தலைப்பாகைகளையும் வைப்பேன். நான் கட்சிக்காரன் இல்லை. எந்த ஊர்வலத்திலும் போனதில்லை, ஹர்த்தால் அன்று மட்டும் வீட்டில் இருந்திருக்கிறேன்.

பக்கத்து மேஜைப் பேச்சு என்றேன் அல்லவா. எனக்கு அது பெரும்பாலும் எதிர் மேஜைதான். என்னோடு ஏரியா பார்க்கிற கொல்லத்துச் சேட்டன் ஒருவர் உண்டு. ஓய்வு பெறும் வயது, குடும்பமே ஆர்.எஸ்.பி. புரட்சிகர சோஷலிஸ்ட் கட்சி என்று முழுப் பெயரைச் சொன்னால் தமிழ்நாட்டில் யாருக்கும் தெரியாது, கொல்லத்திலும் சவறையிலும் அது வீட்டுப் பெயர் மாதிரி. கேரளத்துக் கூட்டணிகளைப் புரிந்துகொள்ள இவரைப் போன்ற ஒருவரோடு இரண்டு காபி குடித்தால் போதும், எந்தப் பாடப்புத்தகமும் வேண்டாம்.

“சேட்டா, உங்க கட்சி இடதா வலதா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“அனியா, நாங்கள் எப்போதும் இடதுதான். உட்காருகிற பெஞ்சு மட்டும் மாறும்” என்றார், கட்லெட்டை அளந்து நாலாக வெட்டிக்கொண்டே.

பெஞ்சு மாறிய கதை நீளமானது. 1967-ல் இ.எம்.எஸ். இரண்டாவது முறை வந்தது ஏழு கட்சி முன்னணியோடு. சப்தகட்சி முன்னணி என்பார்கள். 1964-ல் இரண்டாக உடைந்து ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருந்த இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகள், முஸ்லிம் லீக், ஆர்.எஸ்.பி., இரண்டு சோஷலிஸ்ட் கட்சிகள், ஒரு விவசாயத் தொழிலாளர் கட்சி. காங்கிரஸ் 133-ல் ஒன்பது இடத்துக்குச் சுருங்கியது. இந்த மந்திரிசபையில் கே.ஆர்.கௌரியும் டி.வி.தாமஸும் இருந்தார்கள். 1957 அரசில் அமைச்சர்களாக இருந்தபோது கல்யாணம் செய்துகொண்டவர்கள். கட்சி உடைந்தபோது கௌரியம்மா மார்க்சிஸ்ட் பக்கம், தாமஸ் சி.பி.ஐ. பக்கம். ஒரே மந்திரிசபையில் கணவனும் மனைவியும் வேறு வேறு கட்சி. கூட்டணி அரசின் சங்கடத்தை இதைவிடச் சுருக்கமாக யாராலும் காட்ட முடியாது.

ஊழல் புகார், விசாரணைக் கமிஷன், நீயா நானா என்று 1969-ல் அது உடைந்தது. சி.பி.ஐ., லீக், ஆர்.எஸ்.பி. எல்லாம் வெளியே வந்து, அப்போது மாநிலங்களவையில் இருந்த சி.அச்சுத மேனனைக் கூட்டிவந்து முதலமைச்சர் ஆக்கினார்கள். பிறகு காங்கிரஸும் அந்த அரசுக்குள் வந்தது. அதாவது கம்யூனிஸ்ட் முதல்வர், காங்கிரஸ் உள்துறை, மார்க்சிஸ்ட் எதிர்க்கட்சி. சேட்டன் கண் விரிவது இந்த இடத்தில்தான். அச்சுத மேனன் காலம்தான் பொற்காலம் என்பார். நிலச் சீர்திருத்தம் 1970 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது, அவர் கணக்கில் இது மேனனுடையது. மார்க்சிஸ்ட்காரர் யாராவது மேஜையில் இருந்தால், சட்டத்தை எழுதியது கௌரியம்மா என்பார். இரண்டும் சரிதான். அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டிருந்த குடிகிடப்புக்காரனுக்குப் பத்து சென்ட் கிடைத்ததில் யார் கையெழுத்து என்பது அவனுக்கு முக்கியமாக இருந்திருக்காது.

மேனனுக்கு இந்தக் கட்டடத்தோடும் ஒரு தொடர்பு உண்டு. பேக்கரை இந்த ஊர்ப் பக்கம் பெரிய வேலைகளுக்கு அழைத்தது அவருடைய அரசின் காலத்தில்தான். உள்ளூரில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தின் செங்கல் வளாகத்தைப் போய்ப் பாருங்கள், காபி ஹவுஸின் அண்ணன் என்று தெரியும். பொருளாதார அறிஞர் கே.என்.ராஜ், அச்சுத மேனன், பேக்கர் எல்லாம் சேர்ந்து பிறகு 1985-ல் காஸ்ட்ஃபோர்டு என்று திருச்சூரில் ஓர் அமைப்பும் ஆரம்பித்தார்கள், குறைந்த செலவில் வீடு கட்ட. ஒரு முதலமைச்சர் பதவியை விட்ட பிறகு செங்கல்லைப் பற்றி யோசித்தார் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

ஆனால் சேட்டன் பொற்காலம் என்று சொல்லும்போது நான் ராஜன் பெயரைச் சொல்வேன். நெருக்கடி நிலையின்போது 1976-ல் கக்கயம் போலீஸ் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்ட கோழிக்கோட்டுப் பொறியியல் மாணவர். திரும்பி வரவே இல்லை. அவர் அப்பா நீதிமன்றம் போய், அப்போது உள்துறை அமைச்சராக இருந்த கே.கருணாகரன், 1977-ல் முதல்வர் ஆன ஒரே மாதத்தில் பதவி விலக நேர்ந்தது. ஆனால் சம்பவம் நடந்தபோது முதலமைச்சர் நாற்காலியில் இருந்தது அச்சுத மேனன். உள்துறை நம்முடையது இல்லை என்று சொல்லித் தப்பிக்கிற வசதி கூட்டணி ஆட்சியில் எல்லோருக்கும் கிடைக்கிறது. இதைச் சொன்னால் சேட்டன் கொஞ்ச நேரம் பேச மாட்டார். பிறகு இன்னொரு காபி சொல்வார், என் கணக்கில்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. 1954-ல் திருவிதாங்கூர்-கொச்சியில் பட்டம் தாணுப்பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் அரசு, காங்கிரஸ் வெளியிலிருந்து ஆதரவு. ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழ்நாட்டோடு சேரக் கேட்டவர்கள்மீது போலீஸ் சுட்டது. அந்தக் கட்சியின் பொதுச்செயலாளரான ராம் மனோகர் லோகியாவே, சொந்த மந்திரிசபையைப் பார்த்து ராஜினாமா செய் என்றார். செய்யவில்லை. அடுத்த வருஷம் காங்கிரஸ் காலை வாரியது, பட்டம் போனார். 1960-ல் காங்கிரஸ் கூட்டணியிலேயே மறுபடி முதலமைச்சராக வந்தார். விளவங்கோடு பக்கத்துப் பெரியவர்கள் காபி ஹவுஸில் உட்கார்ந்து பட்டம் என்ற பெயர் காதில் விழுந்தால் இன்னும் முகம் சுளிப்பார்கள், அது இந்த ஊரில் ஒரு ஏரியாவின் பெயர் மட்டும்தான் என்றாலும்.

சேட்டனின் பெஞ்சுக் கதைக்குத் திரும்பினால், எண்பதில் ஆர்.எஸ்.பி. இடது முன்னணிக்கு வந்தது. 2014-ல் கொல்லம் மக்களவைத் தொகுதியை மார்க்சிஸ்ட் கட்சி விட்டுத்தர மறுத்ததும் ஒரே இரவில் காங்கிரஸின் ஐக்கிய முன்னணிக்குப் போனது. அங்கே என்.கே.பிரேமச்சந்திரன் நின்று எம்.ஏ.பேபியைத் தோற்கடித்தார். வேடிக்கை என்னவென்றால் அதே கட்சி வங்காளத்தில் மார்க்சிஸ்டோடேயே இருந்தது. கொல்லத்தில் மட்டும் தொடர்ந்து எம்.பி. கிடைத்தார், ஆனால் 2016-லும் 2021-லும் சட்டசபையில் ஒரு இடம்கூட இல்லை. சேட்டன் இதற்கு விளக்கம் வைத்திருக்கிறார். மூன்று காபி நீளம், இங்கே வேண்டாம்.

நம் ஆட்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். களியக்காவிளையைத் தாண்டும்போது நான் பார்ப்பதைச் சொல்கிறேன். இந்தப் பக்கம் குழித்துறையில் காங்கிரஸ் வேட்பாளருக்கு அரிவாள் சுத்தியல் கொடி பிடித்து ஓட்டுக் கேட்பார்கள். அந்தப் பக்கம் பாறசாலையில் அதே இரண்டு கொடியும் எதிர் எதிரே நிற்கும். நடுவே ஒரு செக்போஸ்ட்டும் நாலைந்து பழக்கடையும்தான்.

கேரளா காங்கிரஸைப் பற்றிச் சொல்லாவிட்டால் மத்திய திருவிதாங்கூர்க்காரர்கள் கோபிப்பார்கள். 1964-ல் பிறந்த கட்சி, இன்று எத்தனை துண்டு என்று எண்ணினால் எண்ணி முடிப்பதற்குள் இன்னொன்று உடையும். வளருந்தோறும் பிளக்கும், பிளக்குந்தோறும் வளரும் கட்சி என்று அதன் தலைவர் கே.எம்.மாணியே பெருமையாகச் சொல்வார். 2015 மார்ச்சில் அதே மாணி நிதியமைச்சராக பட்ஜெட் வாசிக்கக் கூடாது என்று இடதுசாரி எம்.எல்.ஏ.க்கள் சபையில் சபாநாயகரின் நாற்காலியைத் தூக்கிக் கீழே போட்டார்கள். மது பார் முதலாளிகளிடம் லஞ்சம் வாங்கினார் என்ற புகார் எழுந்த சமயம். ஐந்தரை வருஷம் கழித்து மாணியின் மகன் கட்சியோடு இடது முன்னணிக்கு வந்து சேர்ந்தார். கோட்டயம் மருத்துவக் கல்லூரிப் பக்கம் காபி ஹவுஸில் உட்கார்ந்தால் இதை யாரும் வெட்கப்பட்டுச் சொல்வதில்லை, மழை பெய்தது மாதிரிச் சொல்வார்கள்.

மருத்துவக் கல்லூரி என்றதும் ஒரு உபயோகமான தகவல். கேரளத்தில் பெரிய அரசு ஆஸ்பத்திரிகள் சிலவற்றில் காபி ஹவுஸ் கிளை உண்டு. என் தொழிலில் அதுதான் உயிர்நாடி. நோயாளிக்குத் துணைக்கு வந்தவர்கள், ஹவுஸ் சர்ஜன்கள், ரெப்புகள் எல்லோருக்கும் ஒரே மேஜை, ஒரே விலை. இந்தக் கிளைகளில் கட்டடம் ஒன்றும் பார்க்க இருக்காது, சத்தம் அதிகம், ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் இவ்வளவு நியாயமான விலையில் உட்கார்ந்து சாப்பிட இடம் கிடைப்பது சாதாரணம் இல்லை. இருக்கிற கிளைகளில் எதை மூடக் கூடாது என்று என்னைக் கேட்டால் தம்பானூரைவிட இவற்றைத்தான் சொல்வேன்.

செக்ரட்டேரியட் பக்கம் போனால் ஸ்பென்சர் ஜங்ஷன் கிளை. எம்.ஜி. ரோட்டில் எந்த நாளும் ஏதாவது ஒரு சங்கம் பந்தல் போட்டுச் சத்தியாகிரகம் இருக்கும். கோஷம் போட்டுத் தொண்டை வறண்டவர்களும், அவர்களைப் பார்க்க மறுத்த அதிகாரியின் அலுவலகத்து ஆட்களும், இரண்டு முன்னணியின் குட்டித் தலைவர்களும் அடுத்தடுத்த மேஜையில் இருப்பார்கள். செய்தித்தாளைப் பகிர்ந்துகொள்வார்கள். ஒருவன் பக்கம் புரட்டும்வரை இன்னொருவன் காத்திருப்பான். தம்பானூரில் ரயிலைப் பிடிக்கும் பதற்றம், இங்கே அது கிடையாது. கட்சிக் கதைக்கு இதுதான் முதல் தரம்.

வடக்கே கண்ணூரும் தலசேரியும் வேறு ரகம். அங்கே கூட்டணிக் கதை சிரிப்பாகச் சொல்லப்படுவதில்லை. மார்க்சிஸ்ட் கட்சியின் கண்ணூர் முகமாக இருந்த எம்.வி.ராகவன் 1986-ல் நீக்கப்பட்டு, சி.எம்.பி. என்று தனிக் கட்சி கண்டு, காங்கிரஸ் முன்னணியில் கூட்டுறவு அமைச்சர் ஆனார். 1994 நவம்பர் 25 அன்று கூத்துப்பறம்பில் ஒரு கூட்டுறவு வங்கியின் மாலைக் கிளையைத் திறக்க வந்தபோது, அவரைத் தடுக்க நின்ற வாலிபர் சங்கத்தினர்மீது போலீஸ் சுட்டு ஐந்து பேர் இறந்தார்கள். அந்த வட்டாரத்தில் கூட்டுறவு என்றால் வங்கி, ஆஸ்பத்திரி, பீடிக் கம்பெனி, காபி ஹவுஸ். யார் கையில் சங்கம் என்பது சாவு வரைக்கும் போகிற கேள்வி. தலசேரியில் உட்கார்ந்து நான் அரசியல் பேசுவதில்லை, சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

குறை என்று பார்த்தால், மெனு. கேரளம் எண்பதுகளிலிருந்து ஏறக்குறைய ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை முன்னணியை மாற்றிக்கொண்டே வந்து 2021-ல் முதல்முறையாக பினராயி விஜயனுக்கு இரண்டாவது தவணை கொடுத்தது. இந்த மெனு கார்டுக்கோ தோல்வியே கிடையாது. அரபுச் சாப்பாட்டுக் குழிமந்திக் கடைகளும் அல்ஃபாம் அடுப்புகளும் ஊரெங்கும் வந்துவிட்டன, என் பெண்ணுக்குக் காபி ஹவுஸ் என்றாலே “தாத்தா கடை”. பேரர்கள் சொந்தக்காரர்களாக இருக்கிற கடையில் புதிதாக ஒன்றைச் செய்து பார்க்க யார் துணிவார் என்பது நியாயமான கேள்விதான். நஷ்டம் வந்தால் முதலாளி தலையில் போட முடியாது, முதலாளி தலைப்பாகையோடு எதிரே நிற்கிறார். ஆனால் அதே காரணத்தால்தான் அந்த பீட்ரூட் கட்லெட் திருச்சூரிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் தம்பானூர் மூன்றாம் சுற்றிலும் ஒரே ருசியில் கிடைக்கிறது.

போகிறவர்களுக்கு: காலை பத்தரைக்கு மேல், மதியச் சாப்பாட்டுக் கூட்டத்துக்கு முன் போங்கள். நடுச்சுற்றில் ஜாலிப் பக்கம் உட்காருங்கள். கட்லெட், முட்டை ரோஸ்ட், கடைசியில் கடமைக்கு ஒரு காபி. கட்டடத்தைப் படம் பிடிக்க வருகிறவர்கள் ஏதாவது வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் பிடித்தால் மரியாதை.

என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. கட்டடத்துக்கு ஒன்று, கட்லெட்டுக்கு ஒன்று, உட்காரவிடும் தாராளத்துக்கு ஒன்று, காபிக்கு அரை. கொல்லத்துச் சேட்டனிடம் நீங்கள் எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டேன். முன்னணியில் கலந்து பேசாமல் சொல்ல முடியாது என்றார்.